ஸூனெ வீட்டு ரகளையும் 24 சன்னல்களும்: ஸ்வீடனின் யூல்கலெண்டர் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் ஆனால் போதும், ஒரே மாதிரிக் கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். ஸ்வீடனுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து முதல் டிசம்பரைப் பார்க்கிறவர்கள், "பிள்ளை எதையோ பார்க்கணும்னு அடம்பிடிக்குது, எங்களுக்கு ஒண்ணும் புரியலை" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் இங்கே ஒன்றாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யூல்கலெண்டர் என்பது டிசம்பரில் தினம் ஒரு பகுதியாக டிவியில் வரும் பிள்ளைகள் தொடர், அதோடு சேர்ந்த சன்னல் அட்டைக்கும் அதே பெயர்தான். அந்தத் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1991-இல் வந்த "ஸூனெயின் கிறிஸ்துமஸ்". ஸ்வீடிஷில் "ஸூனெஸ் யூல்". அதனால் பதில்கள் அந்தக் குடும்பத்தையே சுற்றிச் சுற்றி வரும்.

அக்கா, டிசம்பர் வந்தா என் பொண்ணு "லுக்கா, லுக்கா"ன்னு குதிக்கிறா. அது என்னது?

லுக்கா என்றால் சின்னக் கதவு அல்லது மூடி. இங்கே அது ஒரு அட்டையில் வெட்டி வைத்திருக்கும் குட்டிச் சன்னல். அந்த அட்டைக்கு யூல்கலெண்டர் என்று பெயர். யூல் என்பது ஸ்வீடிஷில் கிறிஸ்துமஸ். அட்டையில் 1 முதல் 24 வரை எண் போட்ட சன்னல்கள் ஆங்காங்கே ஒளிந்திருக்கும். டிசம்பர் 1 அன்று ஒன்றாம் எண்ணைத் தேடித் திறக்க வேண்டும், மறுநாள் இரண்டாம் எண்ணை. உள்ளே ஒரு சின்னப் படம் இருக்கும். 24-ஆம் சன்னல் பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஸ்வீடனில் முதல் அட்டை 1934-இல் பெண் சாரணர் இயக்கத்துக்காக அச்சானது. ஓவியர் ஐனா ஸ்டென்பெரி மாஸொல்லெ வரைந்தார். அப்போது அது வெறும் அட்டைதான், கதை எதுவும் கிடையாது.

அட்டைக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்?

1957-இல் வானொலிக்காரர்களுக்கு ஓர் எண்ணம் வந்தது. பிள்ளைகள் தினம் ஒரு சன்னல் திறக்கிறார்கள், அதோடு தினம் ஒரு துண்டுக் கதையும் சொன்னால் என்ன? அது பிடித்துப்போய் 1960-இல் தொலைக்காட்சிக்கும் வந்தது. முதல் தொடரின் பெயர் "தித்தெலித்தூரெ". அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளொன்றுக்கு ஒரு பகுதி, ஏறக்குறைய கால் மணி நேரம். அந்த வருட அட்டையில் அன்றைய சன்னலுக்குள் இருக்கும் படம் அன்றைய கதையில் வரும் ஏதோ ஒன்றைக் குறிக்கும். ஒரு திறவுகோல், ஒரு பூனை, ஒரு கிழிந்த கையுறை என்று எதுவாகவும் இருக்கலாம். "இது எதுக்கு வரும்?" என்று பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். உங்கள் பெண் குதிப்பது அதற்காகத்தான்.

வானொலி தன் பங்குக்குத் தனியாக ஒரு தொடர் இன்றும் போடுகிறது. கார் ஓட்டிக்கொண்டே கேட்க நன்றாக இருக்கும்.

எந்தச் சேனல்? தனியா பணம் கட்டணுமா?

எஸ்.வி.டி, அதாவது ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சி. விளம்பரமே கிடையாது. முன்பு டிவிப் பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கென ஒரு கட்டணம் இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து அது போய், வருமான வரியோடு சேர்த்து ஆளுக்கு ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். நீங்கள் வரி கட்டினால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், தயங்காமல் பாருங்கள். இணையத்தில் எஸ்.வி.டி பிளே என்ற தளத்திலும் வரும்.

சரி, ஸூனெ யார்?

ஒரு தொடக்கப் பள்ளிப் பையன். ஆந்தெர்ஸ் யாக்கப்சன், ஸோரன் ஊல்சன் என்ற இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து 1980-களில் உருவாக்கிய பாத்திரம். நிறைய புத்தகங்கள் இருக்கின்றன, நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போனால் ஒரு தட்டையே அடைத்துக்கொண்டிருக்கும். அவன் வீட்டுப் பெயர் ஆண்டர்சன். ஸ்வீடனில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் யார் வீடாகவும் அது இருக்கலாம்.

அப்பா ரூடொல்ஃப், அம்மா காரின், அக்கா ஆன்னா, ஸூனெ, தம்பி ஹோகன், கைக்குழந்தை இஸபெல். ரூடொல்ஃப் கடைந்தெடுத்த கஞ்சர். எதைச் செய்தாலும் பெரிய திட்டம் போடுவார், பாதியில் கவிழ்ந்துவிடும். காரின் பொறுமைசாலி, ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஹோகன் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று உடைந்துவிடும். ஸூனெக்கோ வகுப்பில் படிக்கும் ஸோஃபி மேல் எந்நேரமும் நினைப்பு. இவ்வளவு பேரையும் ஒரே வீட்டில் அடைத்து, வெளியே இருட்டையும் குளிரையும் வைத்து, 24 நாளில் கிறிஸ்துமஸுக்குத் தயாராகுங்கள் என்று விட்டால் என்ன ஆகும்? அதுதான் 1991 தொடர்.

அந்தப் பேரை எப்படி உச்சரிக்கிறது?

"ஸூனெ". முதல் எழுத்தைச் சொல்லும்போது உதட்டைக் குவித்து, ஊ-வுக்கும் ஈ-க்கும் நடுவில் ஓர் ஒலி கொண்டுவர வேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை. "ஸூனெ" என்று நீங்கள் சொன்னாலே எல்லாருக்கும் புரியும், கவலை வேண்டாம். தம்பி பெயரில் உள்ள எழுத்தைப் பார்த்து "ஹாகன்" என்று படிப்பார்கள். மேலே வட்டம் போட்ட அந்த எழுத்துக்கு ஓ என்ற ஒலி, ஆகவே ஹோகன்.

ஒரு வீட்டுல தினமும் ரகளை. இதுல பார்க்க என்ன இருக்கு?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் வரும், மதியம் மூன்று மணிக்கு முன்பே போய்விடும். ஆறு மணி நேரம்தான் பகல். பிள்ளை இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் திரும்புகிறது. அந்த ஒரு மாதத்தில்தான் எல்லா வேலையும் வந்து குவியும். சன்னலில் நட்சத்திர விளக்கு தொங்கவிட வேண்டும், குங்குமப்பூ போட்ட லுஸ்ஸெகட் ரொட்டி சுட வேண்டும், பெப்பர்காக்கா என்ற மெல்லிய மசாலா பிஸ்கட் செய்ய வேண்டும், மரம் வாங்க வேண்டும், உறவுக்காரர்கள் யார் யார் எந்த நாளில் வருவார்கள் என்று பேச வேண்டும், பரிசு வாங்க வேண்டும், அதை ஒளித்தும் வைக்க வேண்டும். இந்தப் பரபரப்புக்கென்றே ஸ்வீடிஷில் "யூல்ஸ்ட்ரெஸ்" என்று ஒரு சொல் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாள் நம் வீட்டு அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள், அதை 24 நாளுக்கு இழுத்துவிட்ட மாதிரி.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஸ்வீடன் வீடுகள் மிகவும் ஒழுங்காகத் தெரியும். சன்னலில் வரிசையாக மெழுகுவர்த்தி விளக்கு, வாசலில் தேய்த்து வைத்த மாதிரி செருப்பு. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நம் வீடு மட்டும்தான் சத்தமும் சண்டையுமாக இருக்கிறது என்று. ஸூனெ வீட்டைப் பார்த்த பிறகுதான் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அப்பா பணம் மிச்சம் பிடிக்கிறார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அண்ணன் தம்பி அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மனது லேசாகிவிட்டது.

என் பையன் ஹோகன் ப்ரோகன்னு ஒரு தொடர் சொல்றான். அதுவும் இதுவும் ஒண்ணா?

அதே குடும்பம், வேறு தொடர். 2003-இல் வந்த யூல்கலெண்டர் அது. ப்ரோக் என்றால் சண்டை, கலாட்டா. ஆக, "கலாட்டா ஹோகன்" என்று வைத்துக்கொள்ளலாம். 1991-இல் அண்ணன் கண் வழியாகச் சொன்ன வீட்டை, பன்னிரண்டு வருடம் கழித்துத் தம்பி கண் வழியாகச் சொன்னார்கள். நடிகர்கள் எல்லாரும் புதியவர்கள், ஏனென்றால் முதல் தொடரின் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள். மறு வருடமே ஹோகனை வைத்து ஒரு திரைப்படமும் வந்தது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் என்றால் ஹோகன், அதற்கு மேல் என்றால் ஸூனெ. ஹோகனின் உலகம் சின்னது, அவன் தர்க்கம் அவனுக்கு மட்டும் சரியாக இருக்கும். ஸூனெக்கு வெட்கம், பொறாமை, பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளும் தவிப்பு எல்லாம் உண்டு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது பிடிபடும்.

1991 தொடர்ல வர்ற அப்பாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?

பார்த்திருப்பீர்கள். பீட்டர் ஹாபெர். 1997-இலிருந்து "பெக்" துப்பறியும் படங்களில் மார்ட்டின் பெக் என்ற காவல்துறை அதிகாரியாக நடித்தவர் இவர்தான். சிரிக்காத முகம், களைத்த கண்கள் என்று பெக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அதே மனிதர் ரூடொல்ஃபாக வந்து காசுக்காகத் தவிப்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஸூனெயாக நடித்த பையன் ஆந்த்ரெயாஸ் ஹோஃபெர், அம்மாவாக காரினா லித்பொம். இயக்கியவர் ஸ்தெஃபான் ஆபெல்கிரென்.

ஹாபெரின் திறமை எங்கே தெரிகிறது என்றால், ரூடொல்ஃப் தன்னைக் கோமாளி என்று ஒரு நொடிகூட நினைப்பதில்லை. குடும்பத்துக்காகப் பாடுபடும் தலைவர் என்றே நினைக்கிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது.

அப்பாவை இப்படிக் கிண்டல் பண்ணினா பிள்ளைங்க கெட்டுப் போயிடாதா?

ஒரு தாத்தா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் பேரனோடு இருந்தபோது என்னிடம் கேட்டது. கேள்வி நியாயமானது. நம்மிடம் அப்பா தப்பே செய்தாலும் பிள்ளை முகத்துக்கு நேரே சிரிக்காது.

ஆனால் தொடரை உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ரூடொல்ஃபை வீட்டில் யாரும் அவமதிப்பதில்லை. அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளாமல் வாதாடுகிறார்கள், முடிவு சொதப்பினால் சிரிக்கிறார்கள், அப்புறம் அவரோடேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 1979-இல் உலகிலேயே முதலாவதாகப் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறைக்காக எழுதிய கதையில் அப்பா குரலை உயர்த்தினால் பிள்ளைகள் நடுங்குவதில்லை, "ஆனால் அப்பா..." என்று ஆரம்பிக்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் ஓர் அப்பா எவ்வளவு திண்டாடுவார் என்பதுதான் நகைச்சுவையின் வேரே.

தாத்தாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் இரண்டு பகுதி பார்த்துவிட்டு, "இவன் என் மாமனார் மாதிரியே இருக்கான்" என்றார். அதற்கு மேல் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஸூனெக்குப் பத்து வயசுகூட இருக்காது போல. அதுக்குள்ள காதலா?

காதல் என்ற தமிழ்ச் சொல்லைப் போட்டால் கனமாகிவிடுகிறது. ஸ்வீடிஷில் "ஷேர்" என்பார்கள், ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது என்று பொருள். ஆரம்பப் பள்ளியில் இது மிக இயல்பாகப் பேசப்படும். "சான்ஸ் கேட்பது" என்று ஒரு வழக்கமே இருக்கிறது. ஒரு பையன் ஒரு பெண்ணிடம் "எனக்குச் சான்ஸ் உண்டா?" என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பான், பல நேரம் தோழனிடம் கொடுத்து அனுப்புவான். அவள் சரி என்றால் இருவரும் "சேர்ந்திருக்கிறார்கள்" என்று வகுப்பு முழுக்கத் தெரியும். அதன் பிறகு பெரும்பாலும் எதுவும் நடக்காது, இருவரும் வெட்கப்பட்டுப் பேசாமலே இருப்பார்கள், அடுத்த வாரம் முடிந்துவிடும்.

ஸூனெயின் ஸோஃபி விவகாரமும் இந்த அளவுதான். உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து இந்த மாதிரி ஏதாவது சொன்னால் திட்டிவிடாதீர்கள். அடுத்த தடவை சொல்லாது.

நாங்க இந்துக்கள். இது மதப் பிரசாரமா இருக்குமோ?

பெரும்பாலான வருடங்களில் மதம் ஏறக்குறைய வரவே வராது. 1987-இல் வந்த "மரியாவின் பிள்ளை" ஏசு பிறப்பைச் சொன்னது, அது விதிவிலக்கு. மற்றபடி பூதம், பூனை, பேய், கண்டுபிடிப்பாளர், திருடன் என்று கதை எங்கெங்கோ போகும். ஸூனெ வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் மரம், சாப்பாடு, பரிசு, சண்டை, சமாதானம்.

பரிசு கொண்டுவருகிறவர் பெயர் தொம்தெ. இப்போது சிவப்புச் சட்டை போட்ட தாத்தாவாகத் தெரிந்தாலும், பழைய நாட்டுப்புற நம்பிக்கையில் தொம்தெ என்பவர் பண்ணை வீட்டைக் காவல் காக்கும் குட்டி மனிதர். கிறிஸ்துமஸ் இரவில் அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைக்க மறந்தால் கோபித்துக்கொள்வார். காவல் தெய்வத்துக்குப் படையல் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இருக்காது.

டிசம்பர் 13-க்குப் பள்ளிக்கூடத்துல வெள்ளை அங்கி கேட்கிறாங்க. தொடர்லயும் அது வருது. என்ன அது?

லூசியா நாள். விடியற்காலை இருட்டில் ஒரு பெண் தலையில் மெழுகுவர்த்தி கிரீடம் வைத்து முன்னால் நடக்க, மற்றவர்கள் வெள்ளை அங்கியில் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். பையன்களுக்குக் கூம்புத் தொப்பி, நட்சத்திரக் கோல். சின்னப் பிள்ளைகள் பிஸ்கட் பொம்மை வேடத்திலும் தொம்தெ வேடத்திலும் வருவார்கள். பள்ளிகளில் மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கலத்தில் எரியும் விளக்கு வைக்கிறார்கள், ஆகவே தலைமுடி பற்றிப் பயம் வேண்டாம்.

அங்கியை டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். 12-ஆம் தேதி மாலை கடைக்குப் போனால் உங்கள் பிள்ளை அளவு இருக்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அட்வென்ட்டுன்னு சொல்றாங்களே, அதுவும் டிசம்பர் 1-லதானே ஆரம்பிக்குது?

இல்லை, இதில் பலருக்குக் குழப்பம். அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிறு வருடத்துக்கு வருடம் மாறும், நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் விழும். அன்று நான்கு மெழுகுவர்த்திகளில் ஒன்றை ஏற்றுவார்கள், வாராவாரம் ஒன்று கூடும். யூல்கலெண்டருக்கு இந்தக் கணக்கு கிடையாது. எந்தக் கிழமை ஆனாலும் டிசம்பர் 1-ல் தொடக்கம். ஆகவே சில வருடம் மெழுகுவர்த்தி முந்தும், சில வருடம் சன்னல் முந்தும்.

எல்லா வருஷமும் குடும்பக் கதைதானா?

இல்லை. ஆனால் ரகளையான குடும்பங்கள் அடிக்கடி வரும், நல்லவை பெரும்பாலும் அவைதான். 1982-இல் "ஆல்பெர்ட்டும் ஹெர்பெர்ட்டும்". யோத்தெபொரி நகரில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பாவும் மகனும், ஓயாத வாய்ச்சண்டை. பிரிட்டிஷ் தொடர் ஒன்றின் ஸ்வீடிஷ் வடிவத்தை வைத்துச் செய்தது. 1996-இல் "கிரேவெஹொல்ம் மர்மம்", பேய் குடியிருக்கும் பழைய கோட்டைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் குடும்பம். என் அலுவலகத்தில் முப்பதுகளில் இருப்பவர்கள் இதைச் சொன்னாலே கண் விரிவார்கள். 2010-இல் ஓட்டல் நடத்தும் ஒரு குடும்பம்.

2021-இல் வந்தது க்னிக்கர்ட்ஸ் குடும்பம். க்னிக்க என்றால் சுட்டுக்கொண்டு போவது, அதாவது திருட்டு. குடும்பமே திருட்டுக் குடும்பம், அந்த வீட்டில் தூரெ என்ற பையனுக்கு மட்டும் திருடவும் வராது, பொய் சொல்லவும் வராது. அவன் அம்மா அப்பாவுக்கு அது பெரிய கவலை. ஆந்தெர்ஸ் ஸ்பாரிங் எழுதி, பேர் குஸ்தாவ்சன் படம் வரைந்த புத்தகங்களிலிருந்து எடுத்தது. புத்தகங்கள் எளிய ஸ்வீடிஷில் இருக்கின்றன, படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

குடும்பம் இல்லாத தொடர்களில் 1973-இன் மூமின் பள்ளத்தாக்கும், 1993-இல் பெத்சன் தாத்தாவும் ஃபின்டஸ் பூனையும் வந்த தொடரும் எனக்குப் பிடிக்கும்.

எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு வருஷமும் "இந்தத் தடவை நல்லால்ல"ன்னு புலம்புறாங்களே?

அதுவும் இந்தச் சடங்கில் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தான் ஏழெட்டு வயதில் பார்த்த தொடர்தான் உயர்ந்தது. 1991-இல் எட்டு வயதாக இருந்தவர் ஸூனெ என்பார், 1979-இல் எட்டு வயதாக இருந்தவர் "ட்ரோல்தீதெர்" என்பார். (அதை 2023-இல் புதிதாக எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது.)

2015-இல் புலம்பல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கதைக்குப் பதிலாக, ஆயிரம் வருடத்து ஸ்வீடன் வரலாற்றை இரண்டு தொகுப்பாளர்கள் நடித்துக் காட்டினார்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இது கிறிஸ்துமஸ் மாதிரியே இல்லை என்று பெற்றோர் பலர் கோபப்பட்டார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்திருந்தது, ஆனால் பிள்ளைகள் கேட்பது தொடர்கதை. நேற்று எங்கே விட்டார்கள், இன்று என்ன ஆகும் என்ற தவிப்பு அதில் இல்லை. அந்தக் குறை உண்மைதான்.

எங்களுக்கு ஸ்வீடிஷ் தெரியாது. பிள்ளையோட உட்கார்ந்து என்ன பண்றது?

உட்காருங்கள், அதுதான் முக்கியம். கால் மணி நேரம்தானே. ஸ்வீடிஷ் எழுத்து வரிகளை, அதாவது சப்டைட்டிலை, போட்டுக்கொள்ளுங்கள். டிவியில் என்றால் டெக்ஸ்ட் டிவியின் 199-ஆம் பக்கம், இணையத் தளத்தில் ஒரு பொத்தான். காதில் கேட்பதைக் கண்ணாலும் பார்க்கும்போது சொற்கள் பிடிபடும். ஸூனெ வீட்டுப் பேச்சு முழுக்க "சாப்பிட வா", "அதைத் தொடாதே", "யார் உடைத்தது?" வகைதான். மொழி வகுப்புப் பாடப் புத்தகத்தில் இவை கிடைக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. முடிந்ததும் பிள்ளையிடம் "என்ன ஆச்சு, எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் பல வருடம் நடந்தது. பையனுக்குத் தமிழில் கதை சொல்லும் பழக்கம் வந்ததே இந்த டிசம்பர்களில்தான். எனக்கும் கதை புரிந்தது.

பழைய தொடரை ஒரே ராத்திரியில மொத்தமா பார்த்து முடிச்சிடலாமா?

கிடைத்தால் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு பகுதியும் கால் மணி நேரத்தில் ஒரு சின்ன விபத்தோடு நின்றுவிடும்படி எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் ரூடொல்ஃபின் கஞ்சத்தனம் ஐந்தாவது பகுதியிலேயே சலித்துவிடும், ஹோகன் தலைவலியாகிவிடுவான். நாளுக்கு ஒன்று என்று பார்க்கும்போது, 24 மணி நேரம் கழித்து அவர்களைத் திரும்பப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் தவறிவிட்டால் பரவாயில்லை, மறுநாள் இரண்டாகப் பார்த்துக்கொள்ளலாம். அட்டைச் சன்னலுக்கும் அதே விதி. ஆனால் மறுநாள் சன்னலை இன்றே திறப்பது மட்டும் பெரிய குற்றம். அண்ணன் தங்கைக்குள் அடிதடி வருவது இதில்தான். இரண்டு பிள்ளை இருந்தால் ஒற்றைப்படை ஒருவருக்கு, இரட்டைப்படை ஒருவருக்கு என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். 24 யாருக்கு என்ற சண்டை வரும், அதற்கு அடுத்த வருடம் மாற்றிக்கொள்வதைத் தவிர வழி எனக்குத் தெரியவில்லை.

ஸூனெ படங்களும் இருக்காமே? எந்த வரிசையில பார்க்கணும்?

வரிசை முக்கியமில்லை, ஒவ்வொன்றும் தனிக் கதை. 1993-இல் "ஸூனெயின் கோடை". தொடரில் நடித்த அதே ஹாபெரும் லித்பொமும், கஞ்ச அப்பா குடும்பத்தை இழுவை வண்டியில் விடுமுறைக்குக் கூட்டிப்போகிறார். டிசம்பர் தொடர் பிடித்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம் நீண்ட இடைவெளி. 2012-இல் கிரீஸ் பயணம், 2013-இல் கார்ப் பயணம், 2014-இல் மலைக்குப் போவது என்று வேறு நடிகர்களோடு மூன்று படங்கள். 2018, 2019, 2021-இல் மறுபடியும் புதிய குடும்பமாக மூன்று.

கவனித்தால், படங்களில் குடும்பம் பெரும்பாலும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் ரகளை டிசம்பர் தொடர்களில்தான். நான் அதையே விரும்புகிறேன்.

24-ம் தேதி கடைசிப் பகுதி. அன்னிக்கு யார் வீட்டுக்காவது கூப்பிட்டா எத்தனை மணிக்குப் போகணும்?

இங்கே பெரிய நாள் 25 அல்ல, 24-தான். பரிசு பிரிப்பது அன்று மாலை. மதியம் மூன்று மணிக்கு டிவியில் "கல்லெ ஆங்கா", அதாவது டொனால்ட் டக் நிகழ்ச்சி. 1960-களிலிருந்து வருடம் தவறாமல் வருகிறது, பெரியவர்கள்கூட வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆகவே மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள், அல்லது நான்குக்கு மேல் போங்கள். மூன்றேகாலுக்குக் கதவு மணி அடித்தால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் மனதுக்குள் வருத்தப்படுவார்கள். கடைசிப் பகுதியைப் பிள்ளைக்கு அதற்கு முன்பே வீட்டில் போட்டுக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விருந்து முழுக்க நச்சரிக்கும்.

இது ஸ்வீடனுக்கு மட்டும்தானா? எங்க அண்ணன் நார்வேல இருக்கார்.

அங்கேயும் உண்டு. டென்மார்க்கில் 1962-இல் தொடங்கினார்கள். நார்வேயில் 1979-இல் வந்த "செருப்புத் தைப்பவர் தெருவில் கிறிஸ்துமஸ்" இன்றும் எல்லாருக்கும் பிடித்தது. உங்கள் அண்ணன் பிள்ளைகளிடம் கேட்டால் பாடியே காட்டுவார்கள்.

எல்லாம் முடிஞ்ச அப்புறம் அந்த அட்டையை என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரலை.

ஸ்வீடனில் ஜனவரி 13-ஐ க்னூத் நாள் என்பார்கள். அன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு மரத்தைச் சுற்றி ஆடவிட்டு, அதில் தொங்கும் மிட்டாய்களைப் பறிக்கவிட்டு, மரத்தை வெளியே போடுவார்கள். பலர் அட்டையையும் அன்றுதான் காகிதக் குப்பையில் போடுகிறார்கள். நாங்கள் போடவில்லை. ஒவ்வொரு வருட அட்டையின் பின்னால் பையன் அன்று எவ்வளவு உயரம் என்று பென்சிலால் எழுதி, புத்தக அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறோம். பதினொன்று சேர்ந்திருக்கின்றன. முதல் அட்டையில் 17-ஆம் சன்னல் திறக்கப்படவே இல்லை, அன்று அவனுக்குக் காய்ச்சல். இன்னும் திறக்க விடமாட்டேன் என்கிறான்.